கரையேறும் முன்

வெளிநாட்டுச் சொகுசுப் படகில் வேலைக்குச் சேர்ந்தால் கோடீஸ்வரர்களோடு உலகம் சுற்றலாமாமே?

தாராளமாக. அவர்கள் சாய்நாற்காலியோடு சுற்றுவார்கள், நீங்கள் வாளியோடு! புதிதாகச் சேரும் டெக்ஹேண்டின் (தளப் பணியாளரின்) காலைப்பொழுது, தளத்தைக் கழுவி, தண்ணீர் காய்ந்து தடம் விழுவதற்குள் ஷாமி துணியால் ஒற்றியெடுப்பதிலேயே போய்விடும். யூரோவில் சம்பளம், தங்க இடம், சாப்பாடு எல்லாம் உண்டே என்பீர்கள். உண்டுதான். ஆனால் பிரான்சின் ஆந்திப், ஸ்பெயினின் பால்மா துறைமுகங்களில் வேலை கேட்டு நிற்பவரிடம் முதலில் பார்ப்பது எஸ்.டி.சி.டபிள்யூ. பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழையும் மருத்துவச் சான்றிதழையும். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் விசா வேறு.

‘அதையெல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கொள்வாரே’ என்றால், அவர் பார்ப்பது உங்கள் பர்ஸை. வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது, விசாச் செலவும் கப்பல் உரிமையாளருடையதே என்கிறது 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம். இந்தியா அதை 2015-இல் ஏற்றது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்றிதழ் போன்றவற்றுக்கு மட்டுமே உங்கள் பணம். ‘லட்சம் கட்டு’ என்று யாராவது சொன்னால், கப்பல் துறைத் தலைமை இயக்ககம் தந்த உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். உரிமம் இருந்தாலும் கட்டாதீர்கள்.