மூன்றாவது கரண்டி ரசம்

குளத்தூரில் பஸ் ஏறினால் விளாத்திகுளம் போய்ச் சேருவதற்குள் பக்கத்து இருக்கைக்காரர் சொந்தக்காரர் ஆகிவிடுவார். "தம்பிக்கு எந்த ஊரு?" இது முதல் கேள்வி. "யாரு மகன்?" இது இரண்டாவது. "அப்ப வேம்பாருல பொண்ணெடுத்த வாத்தியாரு உங்களுக்கு என்ன வேணும்?" இது மூன்றாவது. நாலாவது கேள்விக்கு அவசியம் இராது. அதற்குள் ஏதோ ஒரு வழியில் அவர் மாமா முறை ஆகியிருப்பார். இறங்கும்போது உங்கள் பையை அவரே தூக்கிக்கொண்டு வந்து தருவார்.

இந்த பஸ்ஸில் பாடம் படித்த ஒருவர் மேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் கடல் தாண்டிப் போய், அங்கே சிநேகிதர்களைச் சம்பாதிக்கப் படும் பாடு தனி ரகம். அவரை நம்மவர் என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மனியில் இருப்பார், இங்கிலாந்தில் இருப்பார், நெதர்லாந்திலும் இருப்பார். நாடு மாறும், துறை மாறும். ஆள் மட்டும் ஒரே அச்சு.

பெரும்பாலும் கரிசல் மண்ணிலேயே ஏதாவது ஓர் ஆராய்ச்சியாக இருக்கும். "மண்ணு இங்க கெடக்கு. அத ஆராய அங்க எதுக்குப்பா போறான்?" என்று பெரியப்பா கேட்பது நியாயமான கேள்வி. பக்கத்துக் கோவில்பட்டியில் 1901லிருந்தே வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம்மவர் அசரமாட்டார். உலக மண் வகைப்பாட்டில் கரிசலுக்கு 'வெர்ட்டிசால்' என்று பெயர் என்பார். காய்ந்தால் சுருங்கிக் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் உப்பி வெடிப்பை மூடிக்கொள்ளும், எல்லாம் அதிலிருக்கும் களிமண்ணின் வேலை என்று விளக்குவார். ஒன்றை மட்டும் சொல்லமாட்டார். மழை பெய்த கரிசலில் நாலு எட்டு வைத்தால் செருப்பு இரண்டு அங்குலம் உயர்ந்துவிடும், உதறினாலும் போகாது. நம்மவர் பழகும் முறையும் அதுவேதான்.

புறப்படும்போது பெட்டி 23 கிலோ. அதில் ஆராய்ச்சி சம்பந்தப்பட்டது ஒன்றரைக் கிலோ. மீதி பருப்புப்பொடி, விளாத்திகுளம் வத்தல், குக்கர், நட்பு. நட்பு என்றால் கோவில்பட்டி கடலைமிட்டாய். 2020ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். பாலும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணியின் பெட்டியில் வரக்கூடாது என்பதால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா சென்னை விமான நிலையத்தோடு நின்றுவிடும். கடலைமிட்டாய்க்கு அந்த வில்லங்கம் இல்லை.

வேறு வில்லங்கம் இருக்கிறது. முதல் நாளே ஆய்வகத்தில் ஆளுக்கு இரண்டு பாக்கெட் என்று பந்தி விசாரித்தால், ஒருவர் நாற்காலியோடு பின்னால் நகர்வார். அவருக்கு நிலக்கடலை ஆகாது. ஆகாது என்றால் நம்மூரில் கத்தரிக்காய் ஆகாது என்கிற மாதிரி இல்லை, மூச்சே நின்றுபோகலாம். உணவில் இருந்தால் கட்டாயம் சொல்லியாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 14 ஒவ்வாமைப் பொருட்களுக்குப் பட்டியல் போட்டிருக்கிறது. அதில் நிலக்கடலைக்குத் தனி இடம். உறவு சேர்க்கக் கொண்டுபோன சரக்கு அன்று மாலை இரட்டை உறையில் முடிச்சுப் போடப்பட்டு அறைக்கே திரும்பி வரும். இரவில் நம்மவர் தனியாக உட்கார்ந்து நட்பைக் கடித்துத் தின்பார்.

அடுத்தது மரியாதைச் சிக்கல். பேராசிரியரின் பெயர் பீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதல் சந்திப்பிலேயே, "பீட்டர் என்றே கூப்பிடு" என்று சொல்லிவிடுவார். ஊரில் பீட்டர் விடுகிறவனைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்கிறவர், இங்கே பேராசிரியரையே பீட்டர் என்பதா? ஒரு வாரம் பெயரே சொல்லாமல் கதவுக்கு அருகில் நின்று தொண்டையைச் செருமுவார். பிறகு சமரசமாக 'பீட்டர் சார்' பிறக்கும். மின்னஞ்சலில் அது 'ரெஸ்பெக்டெட் பீட்டர் சார்'.

இத்தனைக்கும் ஜெர்மன் மொழி நம் மொழிக்குச் சித்தப்பா பிள்ளை போலத்தான். அதிலும் 'நீ' உண்டு, 'நீங்கள்' உண்டு. 'து' என்றால் நீ, 'ஸீ' என்றால் நீங்கள். 'நீங்கள்' எப்போது 'நீ' ஆகலாம் என்பதை மூத்தவர்தான் முன்வந்து சொல்ல வேண்டும் என்ற முறைகூட இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், ஊரில் நெருங்க நெருங்க ஆள் அண்ணாச்சியாகி, மச்சானாகி, கடைசியில் திட்டு வாங்கும் தகுதியை அடைவார். அங்கே 'து' வரைக்கும்தான் படி. மேலே மாடி இல்லை.

பிறந்தநாளிலும் ஒரு சறுக்கல் காத்திருக்கும். திங்கட்கிழமை பிறந்தநாள் கொண்டாடப் போகிறவருக்கு வெள்ளிக்கிழமையே "அட்வான்ஸ் ஹேப்பி பர்த்டே" சொல்வார் நம்மவர். முந்திச் சொன்னால் பிரியம் அதிகம் என்பது நம் கணக்கு. முந்திச் சொன்னால் அபசகுனம் என்பது ஜெர்மானியர் கணக்கு. அன்றைக்கு கேக்கை மற்றவர்கள் வாங்கித் தருவதும் இல்லை. பிறந்தநாள்காரரே சுட்டு எடுத்து வர வேண்டும். "பெறந்ததுக்கு அபராதமா?" என்பார் நம்மவர், ஊருக்குப் போனில்.

இங்கிலாந்துக்குப் போன நம்மவருக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அங்கே பேச்சு மழையில் தொடங்கும். குளத்தூர்க்காரருக்கு மழைப்பேச்சு சொல்லித்தர வேண்டுமா? கார்காலத்தில் கிழக்கே மின்னினால் என்ன, தெற்கே இருட்டினால் என்ன என்று கேட்டு வளர்ந்தவர். "ஓயாத மழை" என்று கேம்பிரிட்ஜ்காரர் அலுத்துக்கொள்வார். நம்மவர் புள்ளிவிவரத்தை எடுப்பார். தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டு மழை 650 மில்லிமீட்டரை ஒட்டியது. கேம்பிரிட்ஜில் 600கூட இல்லை. "உங்களைவிட எங்களுக்குத்தான் மழை அதிகம். என்ன, எங்களுக்கு ஐப்பசி கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். நீங்கள் வருஷம் முழுக்கத் தவணையில் வாங்குகிறீர்கள்." சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தால் கேம்பிரிட்ஜ்காரர் குடையை விரித்து நடந்துகொண்டிருப்பார். அவர் பேச்சைத் தொடங்கியது பொழுதுபோக்க. நம்மவர் அதைத் தீர்த்துவைத்துவிட்டார்.

சரி, ஒரு சிநேகிதம் பிடிக்க எவ்வளவு நேரந்தான் ஆகும்? அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் இதையும் அளந்து 2018ல் வெளியிட்டிருக்கிறார். தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து மேலோட்டமான நண்பராகச் சுமார் 50 மணி நேரம், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200க்கும் மேல். சேர்ந்து வேலை பார்க்கும் நேரம் இதில் அவ்வளவாகச் செல்லுபடி ஆகாது. குளத்தூர் டீக்கடை பெஞ்சில் வேலையில்லாத ஒரு கோடை விடுமுறைக்குள் 200 மணி நேரம் தேறிவிடும். அங்கேயோ வாரம் ஒரு காபி, ஒரு மணி நேரம். 200 வாரம் என்றால் நாலு வருஷம் நெருங்கிவிடும். நெருங்கிய நண்பர் கிடைக்கிற அன்று முனைவர் பட்டமும் கிடைத்து விசாவும் முடிந்திருக்கும்.

அந்த ஒரு காபியும் சுலபத்தில் வாய்ப்பதில்லை. "காபி வேண்டுமா?" என்று கேட்டால் நம்மவர் பண்பாக "வேண்டாங்க" என்பார். ஊரில் அது முதல் வேண்டாம். இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது, அதற்குள் தம்ளர் கைக்கு வந்துவிடும். அங்கே ஒரு வேண்டாமிலேயே கதை முடிந்துவிடும். கேட்டவர் தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு போவார். நம்மவர் அந்த மணத்தை முகர்ந்தபடி கட்டுரை திருத்துவார்.

இப்படி அலுத்துப்போன கட்டத்தில்தான் தமிழ்க் கூட்டம் கண்ணில் படும். ஜெர்மனியில் 2023-24 குளிர்காலப் பருவத்தில் படித்த இந்திய மாணவர்கள் மட்டும் 49 ஆயிரத்துக்கும் மேல். அதில் நாலு பேர் கிடைக்கமாட்டார்களா? கிடைப்பார்கள், வாட்ஸ்அப் குழுவோடு. "எந்த ஊரு?" என்ற தேவகானத்தை பல மாதம் கழித்துக் கேட்டு நம்மவர் உருகி, "குளத்தூர்" என்பார். "சென்னையில கொளத்தூரா?" "இல்லங்க, விளாத்திகுளம் பக்கம்." "விளாத்திகுளம் எங்க இருக்கு?" "கோவில்பட்டி தெரியுமா?" "கடலைமிட்டாய்!" அடையாளம் கிடைத்துவிடும். பெட்டியில் மிச்சமிருந்த பாக்கெட்டுகளும் அன்றோடு காலி.

வெளிநாட்டு மாணவரின் நட்பு மூன்று வட்டம் என்று ஸ்டீபன் போக்னரும் உடன் ஆய்வாளர்களும் 1977லேயே எழுதினார்கள். சொந்த நாட்டார் மனசுக்கு, உள்ளூரார் காரியத்துக்கு, பிற நாட்டு மாணவர்கள் பொழுதுபோக்குக்கு. நம்மவர் முதல் வட்டத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார். சனிக்கிழமை பிரியாணி, ஞாயிற்றுக்கிழமை சீட்டு. இரண்டு வருஷம் கழித்து அவருடைய ஜெர்மன், 'பை வேண்டாம்', 'ரசீது வேண்டாம்' என்ற இரண்டு வாக்கியத்தில் நிற்கும்.

அம்மாவுக்கு இது பிடிபடாது. "அந்த ஊருக்காரவுக யாரும் வீட்டுப் பக்கம் வரமாட்டாகளாய்யா? கூப்பிட்டு ஒருவாய்ச் சோறு போட்டியா?" என்பார் போனில்.

போடத்தான் பார்ப்பார். புதன்கிழமை ஆய்வகத் தோழரைக் கூப்பிட்டு, "நாளைக்குச் சாப்பிட வாங்க" என்பார். தோழர் போனில் நாட்காட்டியைத் திறந்து விரலால் தள்ளித் தள்ளி, மூன்று வாரம் தாண்டி ஒரு வியாழனில் நிறுத்துவார். மாலை 6.30 முதல் 8.30 வரை. விருந்துக்குத் தொடங்கும் நேரம் இருக்கலாம். முடியும் நேரம் இருப்பதைப் பார்த்து நம்மவர் ஆடிப்போவார். அந்த வியாழனும் வரும். முதல் கரண்டி ரசம் நல்லாயிருக்கிறது என்பார் தோழர். இரண்டாவதும் வாங்கிக்கொள்வார். மூன்றாவதுக்குக் கையை நீட்டி, "போதும்." எத்தனை முறை கேட்டாலும் போதும். அதோடு நம்மவரின் முகம் கோடைக் கரிசல் போல வெடித்துவிடும்.

இதற்கு முன்னோடி உண்டு, அதுவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1914ல் சென்னையிலிருந்து கப்பலேறிய கணித மேதை ராமானுஜன். முதல் உலகப் போர்க்காலக் கேம்பிரிட்ஜில், டிரினிடி கல்லூரி அறையில், தானே சமைத்து ஞானேஷ் சந்திர சாட்டர்ஜி என்ற இந்திய மாணவரையும், அவர் மணக்கவிருந்த பெண்ணையும், இன்னொரு தோழியையும் விருந்துக்கு அழைத்தார். ரசம் வந்தது, குடித்தார்கள். மறுபடி வந்தது, குடித்தார்கள். மூன்றாம் தடவை பெண்கள் போதும் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் ராமானுஜனைக் காணோம். எங்கே என்று சாட்டர்ஜி தேடினார். ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது, ஐந்து பவுன் அனுப்பச் சொல்லி. சில நாள் கழித்துத் திரும்பியவர், பரிமாறியதை வேண்டாமென்றதில் மனம் நொந்துபோனதாகச் சொன்னார்.

அதே ராமானுஜனுக்கு அதே ஊரில் ஒரு நல்ல சிநேகிதம் அமைந்த விதமும் பதிவாகியிருக்கிறது. பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலனோபிஸ் அப்போது கிங்ஸ் கல்லூரி மாணவர். ராமானுஜன் குளிரில் தூங்க முடியாமல் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வை போர்த்திப் படுக்கிறார் என்று தெரிந்து அறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் இருந்தன. விரிப்போடு சேர்த்துச் செருகி வைத்திருந்தார்கள். அவற்றுக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது, மேலே படுத்துக்கொண்டிருந்தார். மகலனோபிஸ் கம்பளியை விலக்கி நுழைந்து படுப்பது எப்படி என்று காட்டிக்கொடுத்தார். ரசம் ஊற்றியபோது நடக்காதது கம்பளியில் நடந்தது.

நம்மவருக்கும் கம்பளி நேரம் ஒன்று வரும். பெரும்பாலும் அது வத்தல் வழியாக வரும். குளிருக்குச் சன்னலைச் சாத்திக்கொண்டு விளாத்திகுளம் வத்தலைத் தாளிப்பில் போடுவார். ஒரு நிமிடத்தில் புகையுணர்வி அலறும். மாணவர் விடுதி முழுவதும் படி இறங்கி, பைஜாமாவும் போர்வையுமாகப் பனியில் நிற்கும். ஆறு மாதமாக முகம் பார்க்காத முப்பது பேரும் ஒரே இடத்தில் இருமுவார்கள். நம்மவர் கையில் கரண்டியோடு, கைலியோடு, செருப்புகூட இல்லாமல் நடுங்கிக்கொண்டு நிற்பார். யாரோ ஒருவர் தன் மேல்கோட்டைக் கழற்றிப் போர்த்திவிடுவார். இன்னொருவர் அந்த உணர்வி அடுப்புக்கு நேர் மேலே இருப்பதால் தானும் ரொட்டி சுடும்போது இரண்டு தடவை மாட்டியதாகச் சொல்வார். தீயணைப்பு வண்டி வந்து திரும்புவதற்குள் பெயர், ஊர், துறை எல்லாம் பரிமாறியாகிவிடும். குளத்தூர் பஸ் கிட்டத்தட்ட.

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை மேல்கோட்டுக்காரரிடமிருந்து செய்தி வரும்: வீடு மாறுகிறேன், வாஷிங் மெஷின் தூக்க ஆள் வேண்டும், வருகிறாயா? வீடு மாற்றக் கூலியாள் பிடிக்காமல் சிநேகிதர்களைக் கூப்பிடுவது அங்கே வழக்கம். பீட்சாவும் பானமும் கூலி. நம்மவர் அதை அழைப்பிதழ் போலப் பத்துத் தடவை படிப்பார். நாலு மாடி, லிஃப்ட் கிடையாது. பருத்திப் பொதியும் கரிமூட்டையும் ஏற்றின ஊர்க்காரர் முன்பக்கம் பிடித்துக்கொள்வார்.

சாயங்காலம் பீட்சாக் கணக்கு. மேல்கோட்டுக்காரர் நம்மவரின் டிராம் செலவைக் கேட்டு, செயலியில் 6 யூரோ 40 சென்ட் அனுப்பப் பார்ப்பார். நம்மவர் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வார். பிறகு, தெரிந்த ஆங்கிலத்தையும் தெரியாத ஜெர்மனையும் கலந்து, மொய் நோட்டு என்றால் என்ன என்று விளக்கத் தொடங்குவார். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் யார் எவ்வளவு எழுதினார்கள் என்று நோட்டில் இருக்கும். திருப்பிச் செய்யும்போது வாங்கிய தொகையை அப்படியே செய்யக்கூடாது, கொஞ்சம் கூட்டிச் செய்ய வேண்டும். சரிக்குச் சரி கொடுத்துவிட்டால் முறித்துக்கொண்டதாக அர்த்தம். "அதனால இந்த ஆறு நாப்பது பாக்கியிலேயே நிக்கட்டும்." மேல்கோட்டுக்காரர் வெகு நேரம் யோசிப்பார். ஜெர்மானியர் ஒருவரை ஆறு யூரோ நாற்பது சென்ட் கடனாளியாகத் தூங்கப்போகச் சொல்வது சின்ன விஷயம் இல்லை.

மறுவாரம் அவரே போனைத் திறந்து நாட்காட்டியைக் காட்டுவார். வியாழன், மாலை 6.30. 'ரசம்' என்று ஆங்கில எழுத்தில் தப்புத் தப்பாக எழுதியிருக்கும். முடியும் நேரம் 8.30 என்பது அப்படியேதான் இருக்கும். அதற்குக் கீழே சின்னதாக ஒரு வரி: வாராவாரம்.

இரண்டு கரண்டியோடு அவர் போதும் என்பார். நம்மவர் மூன்றாவது கரண்டியைத் தன் தட்டிலேயே ஊற்றிக்கொண்டு, அம்மாவிடம் போனில் சொல்வார்: "வந்திருக்காகம்மா. ஆறு நாப்பது பாக்கி வச்ச ஆளு."