சிப்காட் மறதி

? ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால், மனைவி வாங்கி வரச் சொன்னது எதுவுமே ஞாபகத்துக்கு வருவதில்லை. அல்சைமரை ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்கிறார்களாமே... எடுத்துவிடட்டுமா?
(சிப்காட் வாசகர், ஓசூர்)

ஓ.டி. பார்த்த மணிக்கணக்கு என்றாவது மறந்ததுண்டா? இல்லையென்றால் இது மறதியில்லை, சௌகரியம்!

அமெரிக்கா 2025 மே மாதம் அனுமதித்த அந்தப் பரிசோதனை, 55 வயதோ அதற்கு மேலோ ஆகி, அறிகுறியோடு டாக்டரிடம் வருபவர்களுக்கு மட்டுமே. மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருக்கிறதா என்று துப்புக் கொடுக்கும்; தீர்ப்புச் சொல்லாது. உங்கள் மறதி நிஜமென்றால் முதலில் தைராய்டு, பி12 பாருங்கள். கோளாறு அங்கே என்றால் மாத்திரையிலோ ஊசியிலோ சரியாக வாய்ப்புண்டு. அதற்கும் மேலே சந்தேகமென்றால் அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள். நீங்கள் எதையெல்லாம் மறந்தீர்கள் என்று டாக்டரிடம் யார் சொல்வதாம்?