சம்மட்டிக்கு முன் ரிவர்ஸ்

அரூர் பக்கம் டிராக்டர்காரர் யாரிடமாவது இன்ஜினைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், ஆயில் மாற்றிய தேதியோடு பதில் வரும். டிரெய்லரைக் கோத்து இழுக்கும் கொக்கிப் பின்னைப் பற்றிக் கேட்டால், "அது பாட்டுக்குக் கெடக்குதுங்க" என்பார். கோபாலபுரம் சுப்பிரமணிய சிவா கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு டன் கணக்கில் கரும்பு போவது அந்த ஒற்றை இரும்புத் துண்டை நம்பித்தான்.

சித்தப்பா வீட்டு டிராக்டர், அரவை முடிந்த பிறகு டிரெய்லரோடு கோத்தபடியே புளியமரத்தடியில் மழையில் நின்றது. உழவுக்குக் கழற்றப் போனால் பின் அசையவில்லை. எங்கள் ஊரில் இரும்பு சிக்கிக்கொண்டால் பஞ்சாயத்து தானாகக் கூடும். "நல்லெண்ணெய் ஊத்துப்பா" என்றார் ஒருவர். "கீழயிருந்து போடு" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் டிராக்டரை இரவல் கேட்க வந்தவர். அவருக்குத்தான் எல்லாரையும்விட அவசரம். எனக்குக் கிடைத்தது டார்ச் பிடிக்கும் வேலை.

சித்தப்பா சம்மட்டியால் கீழிருந்து போட்டார். பின்னின் அடிமுனை காளான் மாதிரி விரிந்தது. அதுவரை வராமல் இருந்த பின், அதற்குமேல் வரவே முடியாத பின் ஆயிற்று.

பட்டறைத் தம்பி வந்து சுற்றி ஒரு பார்வை பார்த்தான். டிரெய்லர் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்தான். "அண்ணா, வண்டிய இத்தனூண்டு ரிவர்ஸ் எடுங்க." சரிவில் நின்ற டிரெய்லர் பின்னை இழுத்து நெருக்கிக்கொண்டிருந்திருக்கிறது, இழுவை தளர்ந்ததும் பாதிப் பிடிவாதம் போயிற்று. மீதி, துருவின் வேலை. இரும்பு துருப்பிடித்தால் பருக்கும், ஓட்டைக்கும் பின்னுக்கும் நடுவே இருந்த சந்தை அடைத்துவிடும். விரிந்த முனையை அரத்தால் ராவி, டீசல் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் பைப் ரெஞ்சால் திருகினான். வந்துவிட்டது. "நான் அடிச்ச அடியில லூசாகியிருந்துச்சு" என்றார் சித்தப்பா.

பிறகுதான் சுத்தம் செய்யும் படலம். பின்னையும் ஓட்டையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, டீசலில் கழுவித் துடைத்து, கிரீஸை மெல்லப் பூசினான். சித்தப்பா இன்னொரு கை கிரீஸ் அள்ளினார். தம்பி தடுத்தான். எங்கள் செம்மண் தூசி கிரீஸில் ஒட்டினால் அது மசகாக இருக்காது, இரும்பையே அராவும் சாந்தாகிவிடும். பழைய கிரீஸை வழித்தெடுக்காமல் புதுசைப் பூசுவதும் அதே கதைதான். பின் வளைந்திருந்தாலோ தேய்ந்து இடுப்பு ஒடுங்கியிருந்தாலோ புதிது வாங்குவதே மரியாதை. வீடு கட்டி மிஞ்சிய முறுக்குக் கம்பியை வெட்டிச் செருகுகிறவர்கள், லாக் பின்னுக்குப் பதில் கட்டுக்கம்பி சுற்றுகிறவர்கள் தொப்பூர் கணவாய் இறக்கத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும். அங்கே பின் எகிறினால் யோசனை சொல்லக்கூட ஆள் கிடைக்காது.

ஆயுத பூஜையன்று ஸ்டியரிங்கிலிருந்து சைலன்சர் வரை சந்தனம், குங்குமம் வைக்கிறோம். பூஜை வருவதும் ஐப்பசி மழையை ஒட்டித்தான். அன்றைக்கு அந்தப் பின்னையும் ஒருதரம் உருவிப் பாருங்கள். வரவில்லையென்றால் சம்மட்டியை ஒளித்து வைத்துவிட்டு, முதலில் வண்டியை ரிவர்ஸ் எடுங்கள்.