மூன்று ஷிஃப்ட் கொசு

ஒரகடம் பக்கத்து வல்லக்கோட்டை முருகனுக்கு நடந்து போக நாள் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பஞ்சாங்கத்தில் ராகு காலம் இருக்கிறது, எமகண்டம் இருக்கிறது. கொசு காலம்தான் இல்லை.

வெயிலுக்குப் பயந்து பின்னிரவில் ஸ்ரீபெரும்புதூரில் கிளம்பினோம். இரவுப் பணியில் கியூலெக்ஸ் கொசு. விடிந்ததும் அது கார்டு தேய்த்துவிட்டுக் கிளம்ப, காலில் வெள்ளைப் பட்டையோடு ஏடிஸ் முதல் ஷிஃப்ட்டுக்கு ஆஜர். வழியெல்லாம் கம்பெனி பஸ்கள் ஆளிறக்கி ஆளேற்றிக்கொண்டிருந்தன. கொசுவின் ஷிஃப்ட் மாற்றத்துக்குப் பஸ்கூட வேண்டியிருக்கவில்லை. இத்தனைக்கும் கடிப்பது பெண் கொசு மட்டும். ஆண் கொசு பூந்தேன் குடித்துவிட்டுச் சும்மா திரிகிறது. (எங்கள் குழுவிலும் அப்படிச் சிலர் உண்டு.)

நடக்கும்வரை பெரிய தொல்லையில்லை. விறுவிறுவென்று நடப்பவனைத் துரத்திக் கடிக்க அதற்குத் தெம்பு போதாது. நின்றால் போச்சு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த மைத்துனர் ஒரு வாய் உறிஞ்சுவதற்குள் கணுக்காலில் ஏழு தடிப்பு. மூச்சில் வரும் கரியமில வாயுவும் வேர்வை வாடையும்தான் கொசுவுக்கு விலாசம். நடந்து களைத்தவன் இரண்டையும் வாரி வழங்குகிறான். வெறுங்கால் விரதம் என்பதால் சாக்ஸுக்கும் வழியில்லை.

இனி நாள் விஷயம். தைப்பூசமென்றால் வடகிழக்குப் பருவமழை விட்டுப்போன தண்ணீர் காலிமனைகளில் இன்னும் வற்றியிருக்காது. பங்குனி உத்திரத்துக்குத் தார்ச்சாலை கொதிக்கும். என் ஓட்டு பங்குனிக்கே. கொப்புளத்துக்கு ரீங்காரம் கிடையாது.

எந்த மாதம் போனாலும், டீக்கு ஒதுங்கினால் ஃபேன் ஓடுகிற கடையாகப் பார்த்து ஒதுங்குங்கள்.