பத்து மாசத் தியாகி

கெடாவில் இருக்கும் எங்கள் ஊர் கூலிமுக்கு ஒரு தியாகி வந்தார். அமெரிக்காவிலிருந்து, பத்து மாசத்துக்கு, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க. பள்ளி வாசலில் உறுமி மேளம், மாலை, பொன்னாடை. எங்கள் தொகுதி மக்கள் பிரதிநிதி ஒய்.பி. தன் உரையில் 'தியாகம்' என்ற சொல்லை ஏழு தடவை சொன்னார். எண்ணியது நான்தான், வேறு வேலை இல்லை.

வந்தவர் சிரமமில்லாமல் குடியேற வேண்டுமே! தாமான் குடியிருப்பில் இரண்டு மாடி வீடு பார்த்தார்கள். இரண்டு அறைக்கும் ஏர்கோன். வகுப்பறைக்குப் புதுச் சாயம். காரம் ஆகாது என்று கேண்டீன் அக்காவிடம் தனியாகச் சொல்லிவைத்தார்கள். மூன்றாவது வாரம் பார்த்தால், அந்தப் பெண் வாழை இலையில் நண்டுப் பிரட்டலை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்! தங்கமான பெண். பிள்ளைகளோடு தரையில் உட்காரும். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோபமெல்லாம் குடை பிடித்த நம்மவர்கள் மேல்.

தோட்டத்துத் துரைக்குக் குடை பிடித்துப் பழகிய கை அல்லவா? அந்தத் தோட்டக் காலத்தில், கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. எங்கள் கெடா அந்தக் கூட்டில் இல்லை. ஆனால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் லட்சணம் எங்கும் ஒன்றுதான்: பலகைக் கொட்டகை, எழுத்துத் தெரிந்த கங்காணியோ கிராணியோ வாத்தியார். அவர்களுக்கு எவனும் பொன்னாடை போர்த்தவில்லை. 1962இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் அமைதிப் படை பாடம் நடத்தவும் வந்தது (இலங்கைக்குப் போன படை இல்லை, அது வேறு வயிற்றெரிச்சல்). 1983 வரை வந்து போனார்கள். சுதந்திரம் வாங்கி ஐந்து வருஷம்கூட ஆகாத நாடு, வாத்தியாருக்குப் பஞ்சம். சரி, ஒப்புக்கொள்வோம்.

இப்போது என்ன பஞ்சம்? மலேசியாவின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் நம் கொல்லைப்புறத்தில் திறந்தாயிற்று. இன்டெல் இருக்கிறது. இன்ஃபினியோன் 2024இல் சிலிக்கன் கார்பைடு சில்லுக்குப் புது ஆலை திறந்தது. தலைமுடியைவிட மெல்லிய கோட்டைச் சில்லில் இழுக்கிற கூலிமில், நம் பிள்ளைக்கு 'ஹி கோஸ்' என்று சொல்லித்தரக் கடல் தாண்டி ஆள் வரவேண்டியிருக்கிறது!

ஆள் இல்லாமலா? அந்த ஹைடெக் பூங்காவில் ஆப்ரேட்டராக இருக்கும் ஒரு தங்கச்சியை எனக்குத் தெரியும். நாலு நாள் வேலை, நாலு நாள் ஓய்வு. வேலை நாளில் பன்னிரண்டு மணி நேரம். தூசி புகாத அறையில், கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடுப்புக்குள் நிற்பாள். ஓய்வு நாலு நாளும் பழைய லயத்துக் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பாடம். ஒன்பது வருஷமாக. அவளிடம் வருகிற இரண்டு பேருக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை. ஒய்.பி.யிடம் போனாள். "பார்ப்போம்மா" என்றார். மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்; நல்ல கண்பார்வை.

போன வருஷம் வெள்ளைப்பலகைப் பேனா ஒரு டஜன் வேண்டும் என்று ஊர்க் கமிட்டிக்கு வந்தாள். நானும் அந்தக் கமிட்டியில்தான் உட்கார்ந்திருந்தேன், காராமணி வடை தின்றுகொண்டு.

"அதுக்கு ஒதுக்கீடு இல்லையே தங்கச்சி."

"மண்டபத்துக் கூரையும் ஒழுகுதுண்ணே."

"சேவைதானே, பார்த்துச் செய்ங்க."

அதே கூட்டத்தில், அடுத்த தீர்மானமாக, தியாகியை வரவேற்கப் பன்னிரண்டு அடிப் பதாகைக்குப் பணம் ஒதுக்கினோம். அவர் முகம் பெரிதாக, ஒய்.பி. முகம் அதைவிடப் பெரிதாக, ஓரத்தில் தபால்தலை அளவில் கமிட்டி. நான் கையைத் தூக்கினேன். ஆதரவாகத்தான்.

பத்து மாசம் முடிந்தது. வழியனுப்பு விழாவில் அந்தப் பெண் அழுதாள், பிள்ளைகள் அழுதார்கள், ஒய்.பி. அழுகிற மாதிரி படத்துக்கு நின்றார். மறுநாள் பதாகையைச் சுருட்டிப் பள்ளிக் கழிப்பறைக்குப் பின்னால் போட்டார்கள். தங்கச்சிதான் கேட்டு வாங்கிப் போனாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் அடைமழை. அந்தப் பக்கம் போனேன். மண்டபத்துக் கூரையில் நைலான் கயிறு போட்டுப் பதாகையை இழுத்துக் கட்டியிருந்தாள், முகங்கள் உள்பக்கமாக. கீழே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒய்.பி.யின் கன்னத்தில் மட்டும் தண்ணீர் தேங்கித் தொங்கியது. அவள் விளக்குமாற்றுக் கட்டையை எடுத்து அந்த இடத்தில் ஒரு குத்து விட்டாள்.