ஆயாவின் காய்ப்பையும் எல்ஜின் டாக்கீஸும்

ஆயா நூக்கோலை நகத்தால் கீறிப் பார்த்துத்தான் வாங்குவாள். நகம் வழுக்கிக்கொண்டு இறங்கினால் இளசு. தடுக்கினால் முற்றல், திரும்பக் கூடைக்கே போய்விடும். “நகம் பட்டதை எவன் வாங்குவான் ஆயா?” என்று கடைக்கார பாய் சத்தம் போடுவார். “முத்தினதை நான் வாங்குவனா?” என்பாள் ஆயா. சனிக்கிழமை தவறாமல் இதே சண்டை. முடிந்ததும் ஒரு கட்டுக் கொத்தமல்லியைக் காசு வாங்காமல் அவரே பையில் திணிப்பார்.

எழுபதுகளில், பெங்களூர் சிவாஜி நகர் ரசல் மார்க்கெட்டில் நடந்தது இது. 1927-ல் கட்டிய கட்டடம். தண்டுப் (கன்டோன்மென்ட்) பகுதியின் முனிசிபல் கமிஷனராக இருந்த டி.பி. ரசலின் பெயரை வைத்தார்கள். 1933-ல் அதைத் திறந்து வைத்தவர் இஸ்மாயில் சேட். பக்கத்திலேயே இருக்கும் கோஷா ஆஸ்பத்திரிக்கு அவர் பெயர்தான்.

1809-ல் வெள்ளைக்காரர்கள் பெங்களூரில் தண்டு அமைத்தபோது, மதராஸ் பட்டாளத்தோடு சேர்ந்து ஆற்காடு, வேலூர்ப் பக்கத்திலிருந்து நம் ஆட்கள் வந்தார்கள். சிப்பாய்கள் மட்டுமல்ல, சமையல்காரர், கொத்தனார், வண்ணார், காய்கறி வியாபாரி எல்லோரும். எங்கள் குடும்பமும் அப்படி வந்ததுதான். அதனால்தான் ரசல் மார்க்கெட்டில் காய்க்கடையில் தமிழ், கறிக்கடையில் உருது, மூட்டை இறக்கும் இடத்தில் கன்னடமும் தெலுங்கும், பழக்கடைக்கு வரும் துரைசானிகளிடம் இங்கிலீஷ். எந்தப் பாஷையில் பேச்சைத் தொடங்குவது என்று அங்கே யாரும் தயங்கி நான் பார்த்ததில்லை. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாலு பாஷையில் பேரம் பேசுவாள்.

காய் வாங்கியதில் காசு மிச்சமானால் எல்ஜின் டாக்கீஸ். 1896-ல் எழுந்த கட்டடம், பெங்களூரின் மிகப் பழைய கொட்டகைகளில் ஒன்று. காய்ப்பையைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஆயா பெஞ்சில் உட்காருவாள். திரையில் எம்.ஜி.ஆர். வாள் சுழற்றும்போது, கீழே பையிலிருந்து கொத்தமல்லி வாசம் ஏறி வரும். எங்களைப் போலப் பையோடு வந்தவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். இடைவேளையில் விளக்குப் போட்டால் பெஞ்சுக்கடியில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும். சந்தையும் கொட்டகையும் எங்களுக்கு ஒரே பயணத்தின் இரண்டு நிறுத்தங்கள்.

பிரிகேட் ரோட்டிலும் எம்.ஜி. ரோட்டிலும் இருந்த கொட்டகைகள் வேறு ரகம். அங்கே அப்பா கூட்டிப் போனால்தான் உண்டு. பிளாசா, ரெக்ஸ், ஆபரா ஹவுஸ். இங்கிலீஷ் படம் ஒன்றும் புரியாது, ஆனால் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போக வேண்டும் என்பது புரிந்தது.

எல்ஜினில் இப்போது படம் ஓடுவதில்லை. 1936-ல் பிறந்த பிளாசா இருந்த இடத்தில் 2011 முதல் எம்.ஜி. ரோடு மெட்ரோ நிலையம் நிற்கிறது. ரெக்ஸ் 2018-ஓடு முடிந்தது. ஆபரா ஹவுஸ் வெகுகாலம் பூட்டிக் கிடந்து, அதே 2018 செப்டம்பரில் சாம்சங்கின் கடையாகக் கதவு திறந்தது. 33,000 சதுர அடி.

போய்ப் பார்த்தேன். சுவரையும் முகப்பையும் பழுது பார்த்து அழகாகவே வைத்திருக்கிறார்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். பிளாசாவுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. “மேடை எந்தப் பக்கம் இருந்ததுன்னு தெரியுமாப்பா?” என்று அங்கே வேலை செய்யும் பையனிடம் கேட்டேன். “தெரியல சார், இதைப் போட்டுப் பாருங்க” என்று கண்ணில் ஒரு பெரிய கண்ணாடியை மாட்டிவிட்டான். பனிமலையில் சறுக்கிக்கொண்டு இறங்கினேன். நன்றாகத்தான் இருந்தது. கழற்றியபோது சுற்றிலும் நின்றவர்கள் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாத ஒரு கூட்டத்தையே ஒரே பக்கம் பார்த்து உட்கார வைத்த இடம் அது.

ரசல் மார்க்கெட்டுக்கும் சாவு வந்தது. 2012 பிப்ரவரியில் தீப்பிடித்துக் கடை கடையாக எரிந்தது. அந்த வாரம் நான் போனபோது உள்ளே கரியும், வெந்துபோன வெங்காய நாற்றமும். ஆனால் நூக்கோல் பாயின் மகன் வெளியே தார்ப்பாய் விரித்துத் தராசோடு உட்கார்ந்திருந்தார். “வேற எங்க போறது சார்?” என்றார்.

என் கணக்கில் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. தியேட்டரை மூட, முதலாளியின் ஒரு கையெழுத்து போதும். சந்தையில் நூற்றுக்கணக்கான கடைகள், ஒவ்வொன்றிலும் அன்றன்றைக்கு அடுப்பெரிய வேண்டிய குடும்பம். அவர்கள் திரும்பி வந்தார்கள், சந்தையும் திரும்பி வந்தது. வாங்குகிறவர்கள் வராமல் போனால் மட்டும் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அந்த பயம்தான் இப்போது எனக்கு. என் மகள் செல்போனில் தட்டினால் பத்து நிமிடத்தில் காய் வாசலில் இருக்கிறது. அவளைக் குறை சொல்ல மாட்டேன், வேலை அப்படி. ஆனால் போன வாரம் வந்த நூக்கோல் நாலும் முற்றல்.

பெங்களூரில் இருக்கிறவர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது காலையில் பையை எடுத்துக்கொண்டு சிவாஜி நகர் பஸ் ஸ்டாண்டில் இறங்குங்கள். நடக்கிற தூரம்தான். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், நகத்தால் கீறிப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். பாய் சத்தம் போட்டால் போடட்டும்.