ஆபத்து மண்டலம்
வேஸ் என்ற வழிகாட்டிச் செயலியில் தன்னார்வலர்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்து, சாலையில் உள்ள ஒவ்வொரு கேமராவும் வேகத்தைப் பார்ப்பதா, சிவப்பு விளக்கைத் தாண்டுவோரைப் பிடிப்பதா, எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்றெல்லாம் சரிபார்க்கிறார்கள். காவல்துறைக்கே இவ்வளவு சிரத்தை உண்டா தெரியாது.

ஓட்டுநர்களுக்குக் கேமராவை இப்படிக் காட்டிக்கொடுப்பது பிரான்சு அரசுக்குப் பிடிக்கவில்லை. 2012 முதல் அங்கே கேமராவின் இடத்தைச் செயலி சுட்டிக்காட்டக் கூடாது. ‘ஆபத்து மண்டலம்’ என்று பட்டும்படாமல் சொல்லலாம். அதிவேக நெடுஞ்சாலையில் மண்டலத்தின் நீளம் 4 கிலோமீட்டர், ஊருக்குள் 300 மீட்டர். ஆபத்து உயிருக்கா, பர்ஸுக்கா என்று யாரும் கேட்பதில்லை. பிரேக்கில் கால் தானாகப் போகிறது. இத்தனை ரகசியம் காக்கும் அதே அரசு, நிலையான வேகக் கேமராக்கள் எங்கெங்கே என்ற வரைபடத்தைத் தன் சாலைப் பாதுகாப்பு இணையதளத்திலேயே வெளியிட்டிருக்கிறது.